வத்தல் காயட்டும், பொறவு கழட்டுங்க

அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க தம்பி. கழட்டத்தான வந்திருக்கீங்க, கழட்டலாம், யாரு வேண்டாம்னா. மேல வத்தல் காயுது, கண்ணு தெரியுதுல்லா? இப்பம்தான் ஊத்தி முடிச்சேன், ஒரு ஓரம்கூட காயலை. வெயில் இறங்கட்டும், நானே துணியைச் சுருட்டி எடுத்துக்கிடுதேன். பொறவு உங்க பலகையைக் கொண்டு போங்க, கம்பியைக் கொண்டு போங்க, வேணும்னா குழியையும் பேத்துக் கொண்டு போங்க. எனக்கென்ன. சவத்தை அள்ளிக்கிட்டுப் போனா புறவாசலாவது வெளங்கும்.

உக்காருங்க. அந்தத் துவைக்கிற கல்லுல உக்காருங்க, ஈரம் இல்லை. முந்தியெல்லாம் நீங்க வாறதை என் தம்பி முன்னாடியே சொல்லிருவான். "அக்கா, இன்னைக்கு டிஷ்ஷுக்காரங்க வாறாங்க"ன்னுவான். நானும் இதையெல்லாம் எடுத்து ஒதுங்க வச்சிருவேன். ஒரு ஆபீஸ் ஆளு வரும்போது மாவும் துணியுமா கெடந்தா நல்லாவா இருக்கும்? வெளியாள் கண்ணு பட்டா வத்தலும் விரிஞ்சு போவும். இன்னைக்குச் சொல்ல ஆளில்லை, நீங்களும் சொல்லாம கொள்ளாம கொல்லைப் படலைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கீங்க. ரிப்பேருக்குன்னு மூணு தடவை வந்திருக்கீங்களே, இந்தப் பலகை எப்படிக் கெடந்துச்சு? கண்ணாடி கணக்கா இல்லை? ஈரத்துணி வச்சுத் துடைச்சு, ஓரத்துல ஒரு பொட்டு சந்தனமும் வச்சிருப்பேன். "அக்கா, நான் போற வீட்டுலயே டிஷ்ஷை இவ்வளவு சுத்தமா வச்சிருக்கது நீங்கதான்"னு சொன்னீங்களா இல்லையா?

ஆங். சுத்தமா வச்சு என்ன கண்டேன். யாருக்காக வச்சேனோ அவன் போயிட்டான்.

குத்தாலிங்கத்தைத்தான் சொல்லுதேன். நீங்க "சார் சார்"னு கூப்பிடுவீங்களே, அவனைத்தான். எங்க அம்மா போவும்போது அவன் சின்னப்பிள்ளை, சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாமப் போடுத வயசு. நான்தான் வளத்தேன். என்னைக் கட்டிக்கொடுத்த இடமும் சரியில்லை. அதை விடுங்க, அந்த நாறப்பய பேச்சு இப்பம் எதுக்கு. பெட்டியைத் தூக்கிட்டு இந்த வீட்டுக்கே வந்துட்டேன். அதுல இருந்து எனக்கு அவன், அவனுக்கு நான். படிச்சான், பெங்களூருக்குப் போனான், கம்ப்யூட்டர் வேலை. ஒரு சேலத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். தாரணி. அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். கட்டட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. எங்க ஊருல புருசனுக்கு அக்காவை மதினின்னு கூப்பிடணும். அவ வந்த அன்னைக்கே "அண்ணி"ன்னா. மதினின்னு சொல்லு பிள்ளைன்னு எடுத்துச் சொன்னேன். "சரிங்க அண்ணி"ங்கா. எப்படி இருக்கு?

போன ஐப்பசியில வந்து நின்னாங்க ரெண்டு பேரும். கம்பெனியில வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு சொல்லிட்டானாம். "அக்கா, இனிமே நாங்க இங்கயே இருக்கோம்"னான். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எத்தனை வருசமா ஒத்தை ஆளுக்கு உலை வச்சிட்டிருக்கேன் தெரியுமா? ஒரு கை அரிசி போட்டு, அதையும் திங்கப் பிடிக்காம, மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சு... ச்சை. அதெல்லாம் ஒரு சாப்பாடா.

ஆனா பாருங்க, இந்த ஊருல போன் எடுக்காது. மேக்க மலை நிக்குல்லா, அதை மீறி ஒண்ணும் வராது. ஒரு வார்த்தை பேசணும்னா வாசல்ல போய் கழுத்தை ஒருக்களிச்சுக்கிட்டு நிக்கணும். அதுல எங்க கம்ப்யூட்டர் வேலை பாக்க? அப்பம்தான் அவ சொன்னா, வானத்துல இருந்து நேரா வாங்குத டிஷ் இருக்கு, அதை வைப்போம்னு. ஆர்டர் போட்டதே அவதான், அவ பேருலதான இருக்கு உங்க கணக்குல? பாத்துக்கிடுங்க, எல்லாத்துலயும் அவ முந்திக்கிடுவா.

தையில நீங்க வந்தீங்க. கூரை மேல வைக்கலாம்னீங்க. ஓட்டு வீடு, அதுவும் குரங்கு வாற ஊரு. எங்க வீட்டு டிவி குடையைப் புடுங்கிக் கொண்டுபோய் வாய்க்கால்ல போட்ட குரங்கு இதை விட்டு வைக்குமா? அதான் தரையில குழி தோண்டி, சிமெண்டு போட்டு, கம்பு நட்டீங்க. எந்த இடம்னு நீங்க போனைத் தூக்கிக்கிட்டு வானத்தைப் பாத்துப் பாத்து நடந்தது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு. கோட்டி பிடிச்சவன் கணக்கா நடக்காரேன்னு நினைச்சேன். கோவிச்சுக்காதீங்க. கடைசியில எங்க வந்து நின்னீங்க? என் கனகாம்பரப் பாத்தியில. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? என் கையாலேயே அத்தனை செடியையும் பிடுங்கி வேலிப்பக்கம் எறிஞ்சேன். அவன் இங்க இருக்கணும். அதுக்கு இந்தக் கொல்லை முழுசையும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வச்சதும் நல்லாத்தான் வந்துச்சு. தை மாசம் பூரா ஒரு குறை சொல்லலை. அரங்குல, அதான் அந்த உள் ரூம்புல, கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் ஆளுக்கொரு மேசையில உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. அது என்ன வேலையோ, நாள் முழுக்கப் பேச்சு. அவ இருக்காளே, மீட்டிங்குல உக்காந்துக்கிட்டே கையை மேசைக்குக் கீழ விட்டு வத்தலை எடுத்து நொறுக்கு நொறுக்குன்னு திம்பா. எவ்வளவு பொரிச்சு வச்சாலும் காணாது. திங்கதைப் பாத்தா எனக்கு அருவருப்பா வரும். ஒரு பொம்பளை இப்படியா எலி கணக்கா கடிப்பா? "அண்ணி, எனக்கும் இதைப் போடக் கத்துக்கொடுங்க"ன்னு வேற பின்னாடியே வந்தா.

நான் ஏன் கத்துக்கொடுக்கேன். கூழ்வத்தல்னா சும்மாவா? சுத்தம் வேணும். வீட்டுக்குத் தூரமான பொம்பளை நிழல் பட்டாக்கூட சிவந்து போவும். இவளுக்கு அந்த நாள் கணக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. நேரா அடுக்களைக்குள்ள வருவா, ஊறுகாய் பரணியில கையை விடுவா. கேட்டா சிரிப்பா. அதான் மாசி பிறந்து நான் வத்தல் போட ஆரம்பிச்சதும் ஒரே பேச்சாச் சொல்லிட்டேன், வத்தல் காயுத நேரத்துல புறவாசல் பக்கம் யாரும் எட்டிப் பாக்கக்கூடாதுன்னு. கதவை வெளிப்பக்கமாக் கொண்டி போட்டுருவேன். குத்தாலத்தையும் விடமாட்டேன். அவன் வந்தா பாதி காஞ்சதைப் பச்சையா பிச்சுத் திங்க ஆரம்பிச்சிருவான், சின்னதுல இருந்தே அந்தப் பழக்கம்.

முந்தியெல்லாம் வத்தல் போட்டா அது ஒரு பெரிய தண்டனை தம்பி. கயித்துக் கட்டிலை வெயில்ல இழுத்துப் போட்டு, துணியை விரிச்சு, கையில கம்போட நாள் முழுக்கக் காவல் இருக்கணும். காக்கா ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம், எறும்பு ஒரு பக்கம். சீ, அந்தக் காக்காயைப் பாத்தாலே எனக்குக் குமட்டும். எங்கெங்கயோ வாயை வச்சிட்டு வந்து நம்ம வத்தல்ல வாயை வைக்கும்.

அன்னைக்கு ஒரு நாள் இந்தப் பலகையைத் துடைக்கையில கையை வச்சுப் பாக்கேன், வெதுவெதுன்னு இருக்கு. வெயில் சூடு இல்லை, உள்ள இருந்து வாற சூடு. நல்லா சப்பட்டையா, இடுப்பு உயரத்துக்கு, ஒரு தாம்பாளத்தைக் கம்புல குத்தி வச்ச மாதிரி நிக்கு. சும்மா வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கா இந்தச் சாமான்னு தோணிச்சு. வேட்டித் துணியை நனைச்சு மேல விரிச்சேன், நாலு முனையையும் அடியில இழுத்து முடிச்சுப் போட்டேன். கூழைக் கரண்டியால ஊத்துனேன். மேல வெயிலு, கீழ சூடு, சாயந்தரத்துக்குள்ள கலகலன்னு காஞ்சு போச்சு! கம்புல நல்லெண்ணெய்த் துணியைச் சுத்தி விட்டேன், எறும்பு ஏறாது. அப்பப்ப கிர்ருன்னு ஒரு சத்தம் போட்டுத் தலையை அசைக்கும் பாத்துக்கிடுங்க, காக்கா அலறிக்கிட்டு ஓடும். அன்னைக்குத்தான் இந்தச் சேலத்துக்காரி உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? நீங்கதான சொன்னீங்க, மழை பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. மழைக்கே ஒண்ணும் ஆவாதுன்னா கூழுக்கு என்ன ஆவப்போவுது. நெட்டு போற வயரு அடியிலதான கெடக்கு. அதை நான் விரலால தொடலை.

காபி குடிங்க, ஆறுது. சொல்லி முடிக்கேன்.

மாசியில இருந்துதான் பிடிச்சுது இந்த எழவு. காலையில நல்லா இருக்கும். பத்து மணி வெயில் ஏற ஏற, அரங்குக்குள்ள இருந்து கத்துவான். "ஹலோ, கேக்குதா? ஹலோ, கேக்குதா?" சந்தையில ஆடு தொலைச்சவன் கணக்கா. கம்ப்யூட்டருல பாத்தா அந்த மேனேஜர் வாயைப் பொளந்தபடியே அசையாம நிக்கான், பாக்கவே சகிக்கலை. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமாச் சரியாவும். சாயந்தரம் நான் வத்தலை உரிச்சு டப்பாவுல போடுத நேரத்துக்கு ஜோரா ஓடும். அப்பம்தான் மீட்டிங்கெல்லாம் முடிஞ்சு வெளிய வந்து பலகையைச் சுத்திச் சுத்திப் பாப்பான். "இப்பம் நல்லாத்தான இருக்கு, பகல்ல என்ன கேடு?"ன்னு தலையில அடிச்சுக்கிடுவான். நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அடுக்களைக்குள்ள போயிருவேன். இது இப்படியே போனா அவன் பெங்களூருக்குத் திரும்பிருவானேன்னு பயம்தான். வேற எதுக்கு.

இதுல ஒரு அதிசயம் கேளுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தடங்கலும் வராது. ஏன்னா வெள்ளிக்கிழமை நான் காலையிலேயே குளிச்சிட்டு அம்மன் கோவிலுக்கு விளக்குப் போடப் போயிருவேன், வேற ஒரு வேலையும் தொடமாட்டேன். அம்மன் இருக்கா தம்பி. சும்மா இல்லை. குத்தாலத்துக்கிட்ட அதைத்தான் சொன்னேன், செவ்வாய்க்கிழமையும் விளக்குப் போடவாடான்னு. போட்டேன். செவ்வாயும் சரியாயிட்டு! மிச்ச நாளும் போவமுடியுமா, வீட்டு வேலை யாரு பாக்க?

நீங்க வந்தீங்க. முதல்ல வயரை மாத்துனீங்க. அடுத்த தடவை உள்ள இருக்க பெட்டியை மாத்துனீங்க. மூணாவது தடவை போனை மறுபடி வானத்துக்குக் காட்டி, "ஏதோ மறைக்குது சார்"னீங்க. மறைக்குதுன்னு சொல்லிட்டு எதைக் கைகாட்டுனீங்க? என் மாமரத்தை.

அந்த மரம் உங்களை என்ன செஞ்சுது? பங்குனி மாசம், கிளை பூரா மாவடு. தொங்குது, சரம் சரமா. நீங்க சொன்னதும் குத்தாலம் என் மூஞ்சியைப் பாத்தான். அவன் வாயால கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். நானே சொன்னேன், வெட்டுங்கன்னு. கீழ நின்னு கயித்தைப் பிடிச்சதும் நான்தான். கிளை விழும்போது அடிவயித்துல விழுந்த மாதிரி இருந்துச்சு. அவ ஓடி வந்து, "வேண்டாம் அண்ணி, மரத்தை வெட்டாதீங்க, வேற வழி பாக்கலாம்"னா. அப்பமே எனக்குச் சந்தேகம். நெட்டு சரியாவுததுல உனக்கென்ன தாயி கஷ்டம்?

அந்த வாரம் நெட்டு பிச்சுக்கிட்டு வந்துச்சு. வாரம் பூரா ஒரு "ஹலோ கேக்குதா" கிடையாது. நீங்க போன்ல "பாத்தீங்களா சார், மரம்தான்"னு பெருமையாப் பேசுனீங்களாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். விழுந்த வடுவை எல்லாம் பொறுக்கி, கழுவி, உப்புல போட்டுக் குலுக்கி, அதுக்கே எனக்கு வாரம் சரியாப் போச்சு. வேற எதுலயும் கையே வைக்கலை. வடு வேலை முடிஞ்சு மறுபடி கூழைக் காய்ச்சுனேன் பாருங்க, அன்னைக்கே பழைய எழவு. "ஹலோ, கேக்குதா?"

அப்பம்தான் எனக்கு உறைச்சுது. வயரு இல்லை, பெட்டி இல்லை, மரமும் இல்லை. பொறவு என்ன மிச்சம்? வீட்டுக்குள்ள இருக்க ஆளுதான். அவளுக்கு இந்த ஊரு பிடிக்கலை. பெங்களூருக்குப் போவணும், பளபளன்னு திரியணும். வாயால சொன்னா புருசன் கேக்கமாட்டான், அதான் வயரை உருவி உருவி மாட்டுதா. பகல்ல உருவுவா, சாயந்தரம் மாட்டிருவா. யோசிச்சுப் பாருங்க, கணக்கு சரியா வருதா இல்லையா? கூட இருந்தே குழி பறிக்கான்னா நினைக்கையிலேயே எனக்கு உடம்பெல்லாம் கூசும். அவ தொட்ட டம்ளரைக்கூட ரெண்டு தடவை புளி போட்டு விளக்குவேன்.

சித்திரையில அந்த நாள் வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து பெரிய ஆளுங்க எல்லாம் பேசுத மீட்டிங்காம். "அக்கா, இது மட்டும் நல்லா நடந்துட்டா, காலம் பூரா இங்கயே இருந்து வேலை பாக்கலாம்னு எழுதிக் கொடுத்துருவாங்க"ன்னான். நான் விடியறதுக்கு முந்தி எந்திரிச்சேன். விளக்கேத்துனேன். அவன் நெத்தியில நானே திருநீறு பூசிவிட்டேன். மத்தியானம் அவனுக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு வைப்போம், இனிமே வாற நாளுக்கெல்லாம் ஜவ்வரிசி வத்தலும் நிறையப் போட்டு வைப்போம்னு, பெரிய பாத்திரம் நிறைய காய்ச்சுனேன். காலம் பூரா இருக்கப் போறவனுக்குக் காணணும்லா? இந்தப் பலகையில ஒரு விரல்கடை இடம் விடாம, நல்லா கனமா ஊத்துனேன்.

போச்சு. சுத்தமாப் போச்சு. அன்னைக்கு "ஹலோ கேக்குதா"ன்னு சொல்லக்கூட அவனுக்கு வழியில்லை. வாசல்ல போய் நின்னு போன்ல பேசிப் பாத்தான், அதுவும் அறுந்து அறுந்து போச்சு. திரும்பி வந்து முன்கட்டுப் பட்டாசல்ல சுவத்துல சாஞ்சு உக்காந்தான். அழலை. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

என்னால தாங்க முடியலை தம்பி. நேரா அரங்குக்குள்ள போனேன். அவ அந்தப் பெட்டி முன்னால குனிஞ்சு நின்னு வயரைப் பிடிச்சிருக்கா. கையும் களவுமா! "நீதாம்ட்டி உருவி விட்டே. என் தம்பியை என்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டு போவத்தான இந்த வேலை பாக்கே? நீ வெளங்குவியா? நீயெல்லாம் ஒரு குடும்பத்துப் பொம்பளையா? தூ!"ன்னேன். துப்பத்தான் செஞ்சேன். தரையிலதான் துப்புனேன், அவ மேல இல்லை.

அவ வாயே திறக்கலை. மேசையில அவ திங்கதுக்கு நான் பொரிச்சு வச்ச வத்தல் கெடந்துச்சு. அந்தக் கிண்ணத்தை எடுத்து மெள்ள மூடி வச்சா. அவ்வளவுதான்.

குத்தாலம் என் பின்னால வந்து நின்னான். "அக்கா, இங்க வந்து இருப்போம்னு ஒத்தக்கால்ல நின்னதே அவதான். நான்தான் நெட்டு வராது, சரிப்படாதுன்னேன். அக்கா தனியா தண்ணியும் சோறும் திங்காங்கன்னு சொல்லிச் சொல்லி டிஷ்ஷையும் வாங்க வச்சா"ன்னான். எல்லாம் அவ சொல்லிக்கொடுத்த பாடம்தான், எனக்குத் தெரியாதா. என் சோத்துப்பானையை இவ எப்பம் பாத்தா?

அந்த வாரமே கிளம்பிட்டாங்க. போகும்போது நான் ஒரு டப்பா நிறைய வத்தல் கொடுத்தேன், குத்தாலத்துக்கிட்டத்தான் நீட்டுனேன். அவன் வாங்கலை. அவ கையை நீட்டி வாங்கி மடியில வச்சுக்கிட்டா. துப்புனவ கையால வாங்கித் திங்க எப்படித்தான் மனசு வருதோ. ரோசம் கிடையாது. "வாறோம் அண்ணி"ன்னு வேற சொல்லிட்டுப் போறா. அதுக்குப் பொறவு அவன் வாரத்துக்கு ஒரு தடவை பேசுதான். "சாப்பிட்டியா அக்கா"ங்கான். "சாப்பிட்டேன்"ங்கேன். முடிஞ்சு போச்சு. இன்னைக்கு நீங்க இதைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டா அதோட சரி. இனிமே அவன் எங்க வரப்போறான்? அதான் வத்தல் காயட்டும்னு சொல்லுதேன். கொஞ்சம் இருங்களேன், என்ன அவசரம்.

சுவிட்சா? போட்டுத்தான் வச்சிருக்கேன். அடியில சூடு வேண்டாமா? அணைச்சா வத்தல் ரெண்டு நாள் இழுக்கும்லா.

எங்க எந்திரிக்கீங்க? ஏன் துணியை அவுக்குதீங்க? ஏ தம்பி, பைய, பைய... இன்னும் ஈரம் இருக்கு, ஒட்டிக்கிடும். என்னத்தப் போய் போன்ல காட்டுதீங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. சரி, தெரியுது. பச்சையா ஒரு வட்டம். நல்லா வருதுன்னு அர்த்தமா? சரி, வரட்டும், அதுக்கென்ன.

இப்பம் துணியைப் போடுதீங்க. ஆங். சிவந்துட்டு.

எடுங்க.

பச்சை.

இன்னொரு தடவை போடுங்க... எடுங்க.

உங்க மிஷினுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு. மழைக்கு ஒண்ணும் ஆவாதுன்னீங்க! மழை பட்டா சாமான் கெட்டுப் போவாதுன்னுதான் சொன்னீங்களா? அதை வெளங்கச் சொல்லுததுக்கென்ன? படிச்ச ஆளு, மூணு தடவை வந்தீங்க, வயரை மாத்துனீங்க, பெட்டியை மாத்துனீங்க. மூணு தடவையும் பலகை பளபளன்னுதான இருந்துச்சு, அதுக்கு நான் என்ன செய்ய? அப்பம் என் மாமரம்? அதுல இருந்த வடு? எந்தப் பாவத்துக்கு அதை வெட்டச் சொன்னீங்க?

இப்பம் எதுக்கு அந்த மரத்தைத் திரும்பிப் பாக்கீங்க?

ச்சீ. எனக்கு இந்தக் கூழு வாடையே குமட்டுது. இருங்க, உக்காந்துக்கிடுதேன். ஒண்ணுமில்லை, வெயிலு.

நான் சொல்லுததைக் கேளுங்க தம்பி. கழட்டாதீங்க. குத்தாலத்துக்குப் போன் போட்டு, ரிப்பேர் என்னன்னு கண்டுபிடிச்சாச்சு சார், இனிமே ஒரு நாளும் நிக்காது, நான் பொறுப்புன்னு சொல்லுங்க. என்ன ரிப்பேர்னு கேப்பான். மாமரம்னு சொல்லுங்க. மிச்சம் ஒரு கிளை மறைச்சுது, அதையும் வெட்டியாச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. மரம் என்ன, வாயைத் திறந்து நான் இல்லைன்னு சொல்லவா போவுது.

அவளும் அன்னைக்குச் சொல்லலை.

இருங்க. அழுத்தாதீங்க. அவனுக்கு வேண்டாம்.

டிஷ்ஷு அவ பேருலதான இருக்கு? நம்பர் இருக்கும்லா உங்ககிட்ட? அவளுக்குப் போடுங்க. வாசலுக்கு எதுக்குப் போவணும், இந்த டிஷ்ஷு நெட்டுலேயே போவும்லா? அப்பம் அந்தத் துணியைத் திருப்பி மேல போடாதீங்க, வத்தல் போனாப் போவுது, பலகையில ஒரு நூல் படாம நல்லாத் தள்ளிப் பிடிங்க. போனை இப்படிக் கொடுங்க. மணி அடிக்கா? அடிக்குது.

ஏட்டி தாரணி... நான்தான், அண்ணி பேசுதேன். புறவாசல்ல இருந்து பேசுதேன். கேக்குதா?